வீட்டுப் பூனைக்கு முடி கொட்டுவது ஏன்? மலையகத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மிருக வைத்தியர் இல்லை. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வீட்டில் எந்த நேரமும் மூன்று நான்கு பூனை இருக்கும். தெரு நாய்க்கும், இரவில் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பக்கம் இறங்கி வரும் சிறுத்தைக்கும் பயந்து அவற்றை வெளியில் விடுவதில்லை. பூனைக்கு முடி கொட்டினால் "டீச்சரைக் கேள்" என்பது எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டது. வைத்தியர்களிடம் கேட்டது, படித்தது, சொந்தப் பிழையில் கற்றது எல்லாம் கீழே கலந்திருக்கும்.

முடி கொட்டுவது சாதாரணம்தானே டீச்சர், எப்போது கவலைப்பட வேண்டும்?

கொட்டுவது சாதாரணம். வழுக்கை விழுவது சாதாரணம் இல்லை. கம்பளியில், சேலையில், ஏன் சோற்றுத் தட்டில்கூட முடி கிடக்கலாம். பூனையின் மேல் தோல் தெரியாதவரை பயமில்லை. குளிர்நாட்டுப் பூனைகள் பகல் நீளுவதையும் குறைவதையும் வைத்துப் பருவத்துக்குப் பருவம் முடி மாற்றும். நமக்கு வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய ஒரே அளவு. வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் வேறு. அதனால் நம் பூனைகள் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

வழுக்கை போலத் தெரிந்தும் நோய் இல்லாத இடம் ஒன்று உண்டு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே முடி இயல்பிலேயே ஐதாக இருக்கும். கறுப்புப் பூனையில் அது பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்துப் பதறி வந்தவர்கள் பலர். குட்டி போட்ட தாய்ப்பூனைக்கும், கடும் நோயில் இருந்து எழும்பிய பூனைக்கும் சில கிழமைகள் கழித்து உடம்பு முழுக்க முடி மெலியலாம். அது தானாகத் திரும்பும்.

வைத்தியரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே எதைப் பார்க்கலாம்?

தேயிலைச் செடியின் மேலை மட்டும் கவ்வாத்து வெட்டின மலையும், செடியை வேரோடு பிடுங்கின மலையும் தூரத்துக்கு ஒன்றுபோல மொட்டையாகத்தான் தெரியும். கிட்டப் போனால்தான் வித்தியாசம். பூனையும் அப்படித்தான். வழுக்கை இடத்தில், முடி வளரும் திசைக்கு எதிராக விரலை ஓட்டிப் பாருங்கள். சவரம் செய்து இரண்டு நாளான தாடை மாதிரிச் சொரசொரவென்று குத்தினால் முடி வேரில் இருக்கிறது, மேலேதான் வெட்டுப்பட்டிருக்கிறது. வெட்டியது பூனையின் நாக்கு. அந்த நாக்கு நிறையப் பின்னோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன, அரம் மாதிரி. இதற்கு மாறாகத் தோல் வழுவழுவென்று இருந்தாலோ, பக்கத்து முடியை மெல்ல இழுத்தாலே கொத்தாகக் கையோடு வந்தாலோ, அது வேரோடு போகிற கதை.

வைத்தியரும் இதையேதான் நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். நக்கி அறுத்த முடியின் நுனி பிய்ந்து நிற்கும். தானாக விழுந்த முடியின் நுனி ஊசி போலக் கூராக இருக்கும்.

"எங்கள் பூனை நக்குவதே இல்லையே" என்பார்கள். ஆள் பார்க்க நக்காத பூனைகள் நிறைய. நாம் கண் அசந்த பிறகு, ராத்திரி இரண்டு மணிக்கு அலுமாரிக்கு மேல் ஏறி வேலையைத் தொடங்கும். வாந்தியில் முடிச்சுருள், மலத்தில் முடி, படுக்கிற சாக்கில் நுனி பிய்ந்த முடிக் குப்பை, இவற்றைத் தேடுங்கள். வீட்டுப் பூனைகளில் நான் பார்த்தது பெரும்பாலும் இந்தக் கவ்வாத்துதான். அப்படியானால் கேள்வியே மாறிவிடுகிறது. முடி ஏன் கொட்டுகிறது என்பதை விட்டுவிட்டு, பூனை ஏன் நக்குகிறது, அரிப்பா, வலியா, மனக்குழப்பமா என்று தேட வேண்டும்.

எங்கள் பூனை வாசற்படி தாண்டாது. அதற்கு எப்படித் தெள்ளு வரும்?

நீங்கள் தாண்டுகிறீர்களே. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வந்து படுக்கும் நாய் தாண்டுகிறது. கூரைக்குள் ஓடும் எலிகூட இரண்டைக் கொண்டுவந்து போடும். வீட்டுக்குள் ஒரே ஒரு பெண் தெள்ளு வந்தால் போதும். பூனை மேல் ஏறிய சில நிமிடத்தில் இரத்தம் குடிக்கும். ஒன்றிரண்டு நாளில் முட்டையிடத் தொடங்கி, நாளுக்கு 40, 50 வரை இடும். முட்டை முடியில் ஒட்டாது, உப்பு மாதிரி உதிர்ந்து பூனை படுக்கிற இடமெல்லாம் விழும். புழு வெளிச்சத்துக்குப் பயந்து பலகை இடுக்குக்கும், பாய்க்கு அடிக்கும், கம்பளி மடிப்புக்கும் போய் ஒளியும். பிறகு கூடு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். கொழும்பில் வேலை செய்கிறவர்கள் தீபாவளிக்கு வந்து பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் கணுக்காலில் கடி வாங்குவார்களே, அது இதனால்தான். காலடி அதிர்வும், உடற்சூடும், மூச்சுக்காற்றும் பட்டதும் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

ஆக, பூனையின் மேல் தெரிகிற தெள்ளு மொத்தக் கூட்டத்தில் மிகச் சிறிய பங்கு. மிச்சம் முட்டையாக, புழுவாக, கூடாக வீட்டுக்குள் இருக்கிறது. அந்தச் சிறிய பங்கையும் பூனை நக்கி விழுங்கிவிடுகிறது. பூனை எவ்வளவு சுத்தமோ, தெள்ளைக் கண்ணால் காண்பது அவ்வளவு கஷ்டம்.

அதனால் தெள்ளைத் தேடாமல் அதன் எச்சத்தைத் தேடுங்கள். பேன் சீப்பால் முதுகின் கடைசிப் பகுதியை, வால் தொடங்கும் இடத்தை வாரி, வருகிற கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைக் கடதாசியில் தட்டுங்கள். வெறும் மண் என்றால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் எச்சம் என்றால் சுற்றிலும் செம்பழுப்பாகக் கசியும். அது பூனையின் இரத்தம்தான். மலவாசலில் அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அதுவும் ஒரு தடயம். தெள்ளை விழுங்குவதால் வருகிற நாடாப்புழுவின் துண்டு அது.

தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஓரிரு கடி போதும், கிழமைக்கணக்கில் அரிக்கும். முதுகின் அடி, வால் மூலம், பின்தொடையின் உட்பக்கம், அடிவயிறு என்று முடி போகும். முதுகில் தடவினால் கடுகு தூவின மாதிரிச் சின்னச் சின்னப் பொருக்கு தட்டுப்படும். இதனால்தான், ஒரு தெள்ளுகூடக் காணாவிட்டாலும், முதலில் தெள்ளுக்கு ஒழுங்காக மருந்து போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள் வைத்தியர்கள்.

ஒழுங்காக என்றால் இதுதான். பூனைக்கென்றே செய்த சொட்டு மருந்தோ மாத்திரையோ வேண்டும். எடை பார்த்து வாங்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லாப் பூனைக்கும், நாய்க்கும் (அதற்கு நாய் மருந்து) ஒரே நேரத்தில் போட வேண்டும். குறைந்தது மூன்று மாதம் விடாமல் போட வேண்டும், ஏனென்றால் இடுக்கில் உள்ள கூடுகள் ஒவ்வொன்றாக உடைந்து வந்துகொண்டே இருக்கும். கம்பளி, பெட்சீட், சாக்கு எல்லாவற்றையும் கொதிநீரில் ஊறப்போட்டுத் துவையுங்கள். பலர் முதல் மாதம் போட்டுவிட்டு, "மருந்து சரியில்லை டீச்சர்" என்று விட்டுவிடுகிறார்கள்.

நுவரெலியாக் குளிருக்குத் தெள்ளு செத்துப்போகாதா?

தை மாசியில் புல் மேல் உறைபனி விழுகிற காலைகளில் வெளியே கிடக்கும் முட்டை சாகலாம். உங்கள் அடுப்படியில் உறைபனி விழுவதில்லையே. தெள்ளுப் புழுவுக்கு உண்மையான எதிரி வறட்சி. நம்மிடம் இல்லாத ஒரே பொருள் அதுதான்! குளிரில் வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான். அதனால் கீழ்நாட்டைவிட நாம் இன்னும் பொறுமையாக மருந்தைத் தொடர வேண்டியிருக்கிறது.

நாய்க்கு வாங்கின தெள்ளு மருந்து மிச்சமிருக்கிறது. கொஞ்சமாகப் பூனைக்குப் போடலாமா?

வேண்டாம். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் பிரட்டு என்று ஒரு கடுவன் இருக்கிறான். விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வேலைக்குக் கூப்பிடப் பிரட்டுத் தப்பு அடிக்கிற நேரத்துக்குச் சரியாகக் கத்தி எழுப்புவதால் அந்தப் பெயர். சில வருடங்களுக்கு முன் அவன் முதுகில் முடி போனது. டவுனில் ஒரு கடையில் நாய்க்கான சொட்டு மருந்தைத் தந்து, "பாதி போட்டால் பூனைக்கும் சரி" என்றார்கள். பெட்டியில் பொடி எழுத்தில் என்ன இருந்தது என்று வாசிக்காமல், விஞ்ஞானம் படிப்பித்த நான் பாதியைப் போட்டேன். அன்று பின்னேரமே காது துடிக்கத் தொடங்கியது. பிறகு கால், பிறகு முழு உடம்பும் நடுக்கம். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற திரவமும் போட்டு மருந்தைக் கழுவி, துவாயில் சுற்றி, ஓட்டோ பிடித்து வைத்தியரிடம் போனோம். இரண்டு நாள் ஊசியில் தப்பினான்.

அந்த மருந்தில் இருந்தது பேர்மெத்ரின். நாயின் ஈரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த வசதி மிகக் குறைவு. நாய்க்குப் போட்ட அன்று அதை உரசிப் படுக்கிற பூனைக்குக்கூட நடுக்கம் வந்திருக்கிறது. அதனால் நாய்க்கு அந்த வகை மருந்து போட்டால், காயும்வரைக்குமாவது இரண்டையும் பிரித்து வையுங்கள். பூனையும் நாயும் ஒரே சாக்கில் படுக்கிற வீடு என்றால் அந்த வகையையே வாங்காதீர்கள்.

இதே ஈரல் விசயத்தால் பனடோலும் (பரசிட்டமோல் மாத்திரை) பூனைக்கு நஞ்சு. பூனை முனகுகிறது என்று பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு துண்டு உடைத்துக் கொடுக்காதீர்கள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். முரசு (ஈறு) கபில நிறமாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். அந்த நிலைக்கு விடாமல் உடனே ஓட வேண்டும்.

வட்டம் வட்டமாக முடி போகிறது. மகளின் கையிலும் ஒரு வட்டம் வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றா?

ஒன்றாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. படர்தாமரை என்று சொல்கிற பூஞ்சை இது. பூனையில் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற வகை. பூனையிடமிருந்து மனிதருக்கும், மனிதரிடமிருந்து பூனைக்கும் போகும். குட்டிகளுக்கும் நீள முடிப் பூனைகளுக்கும் அதிகம். முகம், காது, முன்னங்கால் என்று வட்டமாக முடி முறிந்து, சாம்பல் நிறச் செதிள் தெரியும். அரிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எல்லா வட்டமும் படர்தாமரை இல்லை. படர்தாமரை எல்லாம் வட்டமாகவும் வராது. வெளியே ஒன்றுமே தெரியாமல் பூஞ்சையைச் சுமக்கிற பூனைகளும் உண்டு.

வைத்தியர் இருட்டு அறையில் ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். நோய்பட்ட முடி ஆப்பிள் பச்சையாக ஒளிரலாம். ஒளிரவில்லை என்பதற்காக இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது; முடியை எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர மூன்று கிழமை வரை ஆகலாம்.

திடமான பூனைக்கு இது சில மாதத்தில் தானாகவே மாறும். அதற்காக அப்படியே விட முடியாது, அந்த மாதங்களில் வீடு முழுக்க வித்து உதிரும். அந்த வித்து முடித்துண்டில் ஒட்டியபடி ஒன்றரை வருடம்கூட உயிரோடு இருக்கும். குழந்தை, கிழவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் இருக்கிற வீட்டில் இது விளையாட்டில்லை. இட்ராகொனசோல் என்ற வாய்வழி மருந்தும், சுண்ணாம்பு கந்தகக் கரைசலில் நனைத்தெடுப்பதும் வழமையான வைத்தியம். கரைசல் அழுகின முட்டை மாதிரி மணக்கும், வெள்ளைப் பூனை மஞ்சளாகும். இரண்டையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனிதருக்கான கிறீமைத் தடவாதீர்கள். பூனை அதை அப்படியே நக்கி விழுங்கும். அதோடு, பாமசியில் கேட்டதும் எடுத்துத் தருகிற கலவைக் கிறீம்கள் சிலவற்றில் ஸ்டீரொய்ட் இருக்கும். அரிப்பு அடங்கின மாதிரிக் காட்டிவிட்டுப் பூஞ்சையைப் பரப்பிவிடும். மகளின் கைக்கும் அதே கதைதான். அவளை டொக்டரிடம் காட்டும்போது வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லுங்கள்.

புத்தகங்களில் "பூனையைத் தனி அறையில் வையுங்கள்" என்று எழுதியிருக்கும். எழுதியவர்கள் லயத்தைப் பார்க்காதவர்கள். 10க்கு 12 அடிக் காம்பராவில் ஏழு பேர் இருக்கிற வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? நான் சொல்கிறது இது. இஸ்தோப்பின் காற்றுப்படாத மூலையில் ஒரு பெரிய கூடு வையுங்கள். முயல் கூடு போதும். அடியில் கழுவக்கூடிய ரப்பர் விரிப்பும் பழைய துணியும் போடுங்கள். துணியைத் தினம் மாற்றித் துவையுங்கள். காம்பராத் தரையில் முடியை விளக்குமாற்றால் கிளப்பாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் நன்றாகக் கழுவிய பிறகு, கரைத்த பிளீச்சால் துடைத்துக் காயவிடுங்கள். பிளீச் காய்ந்த பிறகே பூனையை உள்ளே விட வேண்டும். மாதத்தில் ஒரு நாள் பெரிதாகக் கழுவுவதைவிட, கிழமைக்கு இரண்டு நாள் சின்னதாகச் செய்வதுதான் பலன் தரும். பூனையை வீதியில் கொண்டுபோய் விடுவது தீர்வில்லை. வித்து உங்கள் வீட்டிலேதான் இருக்கும், பூனை அடுத்த லயத்துக்கு நோயைக் கொண்டுபோகும்.

காது ஓரமும் நெற்றியும் தடித்துப் பொருக்கு கட்டி முடி போகிறது, என்ன அது?

பூனைச் சொறி. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறுபூச்சி தோலைத் துளைத்துக் குடியிருக்கிறது. காது விளிம்பில் தொடங்கி முகம், கழுத்து என்று இறங்கும். அரிப்பு அசுரத்தனமானது, இரத்தம் வரும்வரை பிறாண்டும். வீட்டுக்குள் ஒரு தெருக் குட்டியைப் பாவம் பார்த்து எடுத்து வந்த இரண்டு மூன்று கிழமைக்குள் வந்தால் இதை நினையுங்கள். மற்றப் பூனைக்கு வேகமாகத் தொற்றும். நம் கையிலும் கொஞ்ச நாள் சிவந்த தடிப்பைப் போட்டுவிட்டுப் போகும். வைத்தியர் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பூச்சியே தெரியும், மருந்தும் நன்றாகக் கேட்கும்.

காதுக்குள் கோப்பித் தூள் மாதிரிக் கறுப்பு அழுக்கு, காதுக்கு முன்னால் பிறாண்டிப் பிறாண்டி முடி போன இடம் என்றால் அது காதுப் பூச்சி, வேறு ஆள். மினுமினுக்கிற பொடுகு நகருகிற மாதிரித் தெரிந்தால் உண்மையிலேயே நகருகிறது. அதுவும் ஒரு பூச்சிதான்.

சோறும் மீனும் பாலும்தான் கொடுக்கிறோம். அதனாலா?

இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, போதாமை. முடி என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். பூனை இறைச்சி தின்னப் பிறந்த மிருகம். சோற்றில் கொஞ்சம் நெத்தலிக் குழம்பு பிசைந்து போட்டால் வயிறு நிரம்பும், முடிக்கு ஒன்றும் மிஞ்சாது. வறண்டு, மங்கி, எளிதில் முறிகிற முடி அதைக் காட்டும். பூனைத் தீன் விலை எனக்கும் தெரியும். முழுதாக முடியாதவர்கள் தினம் ஒரு சின்னப் பங்காவது அதைக் கொடுத்து, மிச்சத்துக்கு அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி, உப்புப் போடாமல் அவித்த மீன் என்று சேர்த்து, சோற்றைக் குறையுங்கள். கருவாடு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் வெந்த கறிக் குழம்பு கட்டாயம் வேண்டாம். அவை பூனையின் சிவப்பு அணுக்களை உடைக்கும்.

மற்றது ஒவ்வாமை. பூனைகளுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, மீன், கோழி. ஆமாம், அது ஆசையாகச் சாப்பிடுகிறதுதான். வருடக்கணக்காகத் தின்றதற்கே ஒருநாள் ஒவ்வாமை வரலாம். தலையும் கழுத்தும் அரித்துப் புண்ணாகும், சில பூனைக்கு வயிற்றோட்டமும் சேரும். இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, பூனை முன்பு தின்னாத ஒரு புரதத்தை மட்டும் குறைந்தது எட்டுக் கிழமை கொடுத்துப் பார்ப்பது. அந்த எட்டுக் கிழமையும் பாட்டி யாருக்கும் தெரியாமல் ஒரு டின் மீன் துண்டைப் போடாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் சோதனை தோற்றது அங்கேதான்.

வயிறு மட்டும் சுத்தமாக மொட்டை. புண்ணும் இல்லை, பொருக்கும் இல்லை. மனக்கவலையா?

இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியில் வையுங்கள். 2006 இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு ஆய்வு வந்தது. மனக்கோளாறால் நக்குகிறது என்று கருதப்பட்ட 21 பூனைகளை முழுதாகச் சோதித்தார்கள். 16 பூனைக்கு உடம்பில்தான் காரணம் இருந்தது. பெரும்பாலும் தோல் ஒவ்வாமைகள். மூன்றுக்கு இரண்டும் கலந்து. வெறும் மனம் மட்டும் என்றது இரண்டே இரண்டு.

அடிவயிற்றை நக்குகிற பூனைக்குச் சிறுநீர்ப்பை வலியும் இருக்கலாம். வலிக்கிற இடத்தை அதனால் தொட முடியாது, மேலே உள்ள தோலை நக்கும். மணல் தட்டுக்கு அடிக்கடி போகிறதா, முக்குகிறதா, சிறுநீரில் இரத்தமா என்று பாருங்கள். கடுவன் பூனை முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் முடிக் கதையை விடுங்கள். அது அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டிய அவசரம். நாளைக்கு என்றால் உயிர் போகலாம்.

எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் அப்புறம் மனம். பூனைக்கு மாற்றம் பிடிக்காது. புதுக் குழந்தை, கூரை வேலை, ஜன்னலுக்கு வெளியே வந்து முறைக்கிற அயல்வீட்டுக் கடுவன். மண்சரிவு எச்சரிக்கை என்று குடும்பமே ஒரு கிழமை பாடசாலையில் தங்கிவிட்டுத் திரும்பியபோது, வீட்டில் விட்டுப்போன பூனை வயிற்றை மழித்து வைத்திருந்ததை இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, ஏறி இருக்க உயரமான தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மணல் தட்டு, தினம் ஒரே நேரத்தில் ஒரு கயிற்றை இழுத்துப் பத்து நிமிட விளையாட்டு. மழை மாதங்களில் பிள்ளைகளுக்கே வீட்டுக்குள் பைத்தியம் பிடிக்கிறது, பூனைக்குப் பிடிக்காதா? நக்கும்போது அதட்டாதீர்கள், இன்னும் கூடும். கடுமையான பூனைக்கு வைத்தியர் மனத்துக்கான மருந்தும் தருவார்.

அடுப்படியிலேயே கிடக்கிறது. விலாவில் முடி சுருண்டு கபிலமாக இருக்கிறது?

கருகியிருக்கிறது. வீட்டில் சமைக்க ஒன்றுமில்லாத வறுமையைச் சொல்ல "அடுப்பில் பூனை தூங்குகிறது" என்பார்கள். நம் பக்கத்தில் சமைத்து முடித்த அடுப்பிலும் தூங்கும், சாம்பல் இளஞ்சூடாக இருக்குமே. மீசை சுருண்டிருக்கிறதா பாருங்கள். வெறும் முடி என்றால் வளரும். தோல் சிவந்தோ கொப்பளித்தோ இருந்தால் குளிர்ந்த தண்ணீர் விட்டுவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். ராத்திரியில் அடுப்பு வாயைப் பழைய தகரத்தால் மூடி, பக்கத்திலேயே துணியில் சுற்றிய சுடுநீர்ப் போத்தலோடு ஒரு பெட்டி வையுங்கள்.

வெள்ளைப் பூனைக்குக் காது நுனியில் மட்டும் முடி போய்ச் சிவந்திருக்கிறது?

இதைச் சாதாரணமாக விடாதீர்கள். வெயில் காரணமாக இருக்கலாம். மூடுபனி ஊரில் என்ன வெயில் என்று கேட்பீர்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏற ஏற, தோலைச் சுடுகிற புறஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். வானம் மப்பாக இருந்தாலும் ஒரு பங்கு வந்துகொண்டே இருக்கும். வெள்ளைக் காதுக்கும் வெள்ளை மூக்குக்கும் அதைத் தடுக்க நிறமி இல்லை. முதலில் முடி போகும், சிவக்கும், பிறகு ஆறாத பொருக்கு. அது புற்றாகவும் மாறலாம். காலை பத்து மணியில் இருந்து பின்னேரம் மூன்று மணி வரை இஸ்தோப்பு வெயிலில் படுக்க விடாதீர்கள். ஆறாத பொருக்கு இருந்தால் இந்தக் கிழமையே காட்டுங்கள்.

தாடைக்கு அடியில் கறுப்புப் புள்ளியும் முடி இல்லாமலும்?

பூனைக்கும் பரு வரும். பிளாஸ்டிக் கோப்பையை மாற்றிப் பீங்கானோ எவர்சில்வரோ வைத்துத் தினம் கழுவுங்கள். பெரும்பாலும் அதிலேயே குறையும். பிதுக்காதீர்கள்.

பன்னிரண்டு வயதுப் பூனை. நன்றாகச் சாப்பிடுகிறது, மெலிகிறது, முடியும் போகிறது?

பத்து வயதைத் தாண்டிய பூனை நிறையச் சாப்பிட்டும் மெலிந்தால் தைரொய்ட் அதிகமாகச் சுரக்கிறதா என்று இரத்தம் பார்க்கச் சொல்வார்கள். முடி பிசுபிசுத்துக் கலைந்து, ராத்திரியில் காரணமில்லாமல் கத்தி, ஓய்வில்லாமல் அலையும். மருந்து இருக்கிறது. இடுப்பில் மட்டும் முடி திரண்டு சடை விழுந்தால் மூட்டு வலியால் திரும்பி நக்க முடியவில்லை என்று அர்த்தம். குண்டுப் பூனைக்கும் இதே சடை விழும். அரிதாக ஒன்று: வயிற்றுத் தோல் கண்ணாடி மாதிரி மினுங்கி, முடி இழுத்த இழுப்பில் வந்து, பூனை சாப்பாட்டையும் விட்டால் உள்ளே கட்டி இருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், மஞ்சள், மண்ணெண்ணெய்?

தேங்காய் எண்ணெய் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. நக்கி வயிற்றால் போகும், அவ்வளவுதான். மஞ்சள் பூசினால் பூனை மஞ்சளாகும். வேப்பெண்ணெயைப் பூனைக்கு நான் தொடுவதில்லை; நக்கினால் வாந்தியும் நடுக்கமும் வரலாம். மண்ணெண்ணெய், கற்பூரம், பூச்சி உருண்டை மூன்றும் நஞ்சு. அந்தக் காலத்தில் பூசினார்கள் என்பார்கள். அந்தக் காலத்தில் எத்தனை பூனை செத்தது என்று யாரும் எண்ணவில்லை.

எங்கே காட்டுவது? என்ன கொண்டு போக வேண்டும்?

பிரதேசங்களில் அரச மிருக வைத்திய அலுவலகம் இருக்கிறது. அவர்களுக்கு மாடு, ஆடு, கோழிதான் முதல் வேலை. பூனையையும் பார்ப்பார்கள், போகிற நேரத்தை முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இழுத்தடிக்கிற தோல் பிரச்சினை என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா மருத்துவமனை இருக்கிறது. தூரம்தான், ஆனால் சுரண்டல், பூஞ்சை வளர்ப்பு, இரத்தம் எல்லாவற்றையும் அங்கே பார்க்கலாம்.

குளிப்பாட்டிக்கொண்டு போகாதீர்கள். பூசிய எண்ணெயோடும் போகாதீர்கள். தடயம் எல்லாம் போய்விடும். வழுக்கை தொடங்கிய நாள் முதல் போனில் எடுத்த படங்கள், என்ன சாப்பாடு, என்னென்ன மருந்து போட்டீர்கள் (வெட்கப்படாமல் எல்லாவற்றையும்), வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது, இவற்றைச் சொல்லுங்கள். பூனையைக் கையில் தூக்கிப் பஸ்ஸில் ஏறாமல் மூடிய கூடையில் கொண்டுபோங்கள். வழியில் கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். வீட்டுப் பூனைக்கும் விசர்நோய்த் தடுப்பூசி போட்டு வைப்பது நல்லது.

முடி திரும்ப எத்தனை நாள்? வேறு நிறத்தில் வளருமா?

காரணம் நின்ற பிறகு, குட்டை முடிப் பூனைக்கு ஒன்றிரண்டு மாதம். நீள முடிக்கு நாலைந்து மாதம்கூட ஆகலாம். முதலில் பஞ்சு மாதிரி அடிமுடி வரும்.

நிறம் மாறுவது சியாம் பூனைக் கலப்பில் நடக்கும். அந்த இனத்தில் நிறமியைச் செய்கிற நொதி சூட்டில் வேலை செய்யாது, குளிரில்தான் செய்யும். முகம், காது, வால், பாதம் என்று உடம்பின் குளிர்ந்த நுனிகள் கறுத்திருப்பது அதனால்தான். முடி போன இடத்துத் தோலும் குளிர்ந்துவிடும், நம் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். எங்கள் பூனை சாம்பலிக்குக் கருத்தடை செய்ய விலாவை மழித்தார்கள். அங்கே மட்டும் முடி கடும் கபிலமாக வளர்ந்தது. அடுத்த முறை முடி மாறும்போது வெளுக்கும் என்றார் வைத்தியர். எட்டு மாதம் ஆகிறது, அந்தச் சதுரம் இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அடுப்பில் சுட்டுக்கொண்டதா என்று கேட்கிறார்கள்.